மாரிக்காலத்தில் மலையேறப் போகிறவர்களுக்கு: மட்டக்களப்பு, அம்பாறையிலிருந்து ஒரு வழிகாட்டி

வெளிநாட்டிலிருந்து உறவினர்கள் வந்திறங்கும் மாதமும், பிள்ளைகளுக்குப் பாடசாலை விடுமுறை கிடைக்கும் மாதமும், நம்முடைய பகுதியில் வெள்ளம் ஏறும் மாதமும் ஏறக்குறைய ஒன்றாகவே அமைந்திருக்கின்றன. அதனால் "எங்காவது ஒரு மலை ஏறிப் பார்ப்போமா" என்ற பேச்சு கோடையில் எழுவதைவிட ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில்தான் அதிகம் எழுகிறது. போகவே வேண்டாம் என்று தடுப்பதற்காக இதை எழுதவில்லை. மழை கழுவிவிட்ட பாறையின் மேல் நின்று, ஒரு பக்கம் காட்டையும் வயலையும் மறுபக்கம் கடலையும் பார்க்கும் தெளிவு வேறு எந்தப் பருவத்திலும் கிடைப்பதில்லை. ஆனால் அனுமதி கேட்டு அலுவலகம் அலுவலகமாக அலைந்து, ஒருவர் போகலாம் என்றதை அடுத்தவர் முடியாது என்று சொல்லக் கேட்டு, எல்லாம் சரியாகிவிட்ட நாளில் வீதி தண்ணீருக்குள் கிடப்பதைப் பார்த்துத் திரும்பியவன் என்ற வகையில், அந்த அலைச்சல் மற்றவர்களுக்கு வேண்டாம் என்று நினைக்கிறேன். இந்தப் பருவத்தில் ஆளைத் தடுப்பது பெரும்பாலும் மலையின் உயரமாக இருப்பதில்லை. பிரதான வீதிக்கும் மலையடிவாரத்துக்கும் நடுவே கிடக்கும் தண்ணீர்தான் தடுக்கிறது. கீழே உள்ள ஒழுங்கு அதை மனதில் வைத்தே அமைக்கப்பட்டிருக்கிறது.

1. மாதங்களைப் பிரித்துப் பாருங்கள்

மாரி என்று நாம் ஒரே சொல்லில் அழைக்கும் காலம் மலையேறுபவருக்கு ஒரே மாதிரியானதன்று. ஒக்டோபர் முதல் நவம்பர் நடுப்பகுதி வரை காலை வேளைகள் பெரும்பாலும் வெளித்திருக்கும். நண்பகலுக்குப் பிறகு உள்நாட்டுப் பக்கம் முகில் கறுத்து, இடியும் மின்னலுமாகக் கொட்டித் தீர்க்கும். நவம்பர் பிற்பகுதியிலிருந்து டிசம்பர் முடியும் வரை வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உருவாகும் காலம். 1978 நவம்பர் 23 சூறாவளியை நம்முடைய வீடுகளில் இன்றும் தேதி சொல்லிப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. இந்த வாரங்களில் மழை மணிக்கணக்கில் அல்லாமல் நாட்கணக்கில் பெய்யும். தைப்பொங்கலுக்குப் பிறகு மழை மெல்ல மெல்லக் குறைந்து, வாடைக்காற்று மட்டும் எஞ்சும்.

முதன்முறை போகிறவர்கள் ஒக்டோபரையோ தை பிற்பகுதியையோ தெரிவு செய்வது நல்லது. டிசம்பரில் மட்டுமே வசதிப்படும் என்றால், ஒரு திகதியை நம்பியிருக்காமல், குறைந்தது நான்கைந்து நாள் இடைவெளியில் இரண்டு திகதிகளை ஒதுக்கிக்கொள்ளுங்கள். உறவினரின் விமானப் பயணத்துக்கு முந்திய நாளை இரண்டாவது திகதியாக வைக்கவே வேண்டாம்.

2. எந்த மலை என்பதை முடிவு செய்யுங்கள்

மட்டக்களப்பு மாவட்டத்தில் முதலில் நினைவுக்கு வருவது குடும்பிமலை. ஏறத்தாழ 530 மீற்றர் உயரம். கிரான் வழியாக உள்ளே செல்ல வேண்டும். அம்பாறை மாவட்டத்தில் பொத்துவில், பாணமை தாண்டிய கரையோரத்தில் குடும்பிகல மலையும் உகந்தைமலையும் உள்ளன. பெயர் ஒலிப்பு நெருங்கியிருப்பதால், வாகனம் பேசும்போது குடும்பிமலைக்கும் குடும்பிகலவுக்கும் இடையில் குழப்பம் வருவதுண்டு. இரண்டுக்கும் இடையே நூறு கிலோமீற்றருக்கு மேல் தூரம் இருக்கிறது. ஆகவே மலையின் பெயரோடு நிறுத்தாமல் "கிரான் பக்கம்", "பாணமை பக்கம்" என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

பிள்ளைகளோடும் வயது முதிர்ந்தவர்களோடும் போகிறவர்களுக்கு என் தெரிவு பாணமைப் பக்கம்தான். ஏற்றம் குறைவு, மழை திடீரென்று பிடித்தாலும் இறங்கிவரும் தூரம் குறைவு. குடும்பிகல ஒரு பௌத்த துறவியர் மடம் என்பதால் அடக்கமான உடையும் அமைதியும் வேண்டும். வழிபாட்டிடத்தில் பாதணி கழற்ற வேண்டியிருப்பதால் ஈரப்பாறையில் வெறுங்காலோடு நிற்கவும் தயாராக இருக்க வேண்டும். உகந்தையில் முருகனை வணங்கிவிட்டு மேலே உள்ள வள்ளியம்மன் கோயில் வரை ஏறிவருவது ஒரு முற்பகலுக்குப் போதுமானது.

உயரமான மலைதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்கள், மகியங்கனை வழியாகக் கண்டி போகும் வீதியில் ஹுன்னஸ்கிரியவில் திரும்பி, நக்கிள்ஸ் மலைத்தொடருக்குப் போகலாமா என்று கேட்பார்கள். இந்த மாதங்களில் வேண்டாம் என்பதே என் பதில். நம்முடைய கரையில் ஏறும் வாடைக்காற்று உள்நாட்டில் மோதும் பெருமலைகளுள் அதுவும் ஒன்று. அதன் கிழக்குச் சரிவுகளில் மழை விடாமல் பெய்யும். அட்டைக் கடியைப் பொறுத்துக்கொள்ளலாம், மண்சரிவைப் பொறுத்துக்கொள்ள முடியாது. 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இருக்கவும், 100 ஐத் தாண்டினால் வெளியேறத் தயாராகவும், 150 ஐத் தாண்டினால் வெளியேறவும் வேண்டும் என்ற அளவிலேயே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கைகள் அமைந்திருக்கின்றன. கார்த்திகையில் அந்தச் சரிவுகளில் இந்த அளவுகளை ஒரே இரவில் எட்டிவிடலாம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி வந்தபோது மலையக வீதிகள் எப்படித் துண்டுபட்டன என்பதை எல்லோரும் பார்த்தோம். டிசம்பரில் உயரம் வேண்டுபவர்களுக்கு 2,243 மீற்றர் உயரமுள்ள சிவனொளிபாதமலை பொருத்தமானது. மார்கழிப் பௌர்ணமியில் யாத்திரைக் காலம் தொடங்கி வெசாக் வரை நீடிப்பதால் வழியில் விளக்கு, தேநீர்க் கடை, ஆள் நடமாட்டம் எல்லாம் இருக்கும். மலையகத்தின் மேற்குப் பக்கத்தில் இருப்பதால் வாடை மழையின் முழு வேகமும் அங்கே விழுவதில்லை. ஆனாலும் போகும் வழியின் மண்சரிவு நிலைமையை அன்றன்று பார்க்கத்தான் வேண்டும்.

3. தண்ணீரை விசாரியுங்கள்

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை வாசியுங்கள்.

கிரானிலிருந்து புலிபாய்ந்தகல் பக்கம் போகும் வீதியின் மேலால் மாரியில் வெள்ளம் பாய்வதும், வாகனப் போக்குவரத்து நின்றுபோவதும், அக்கரைக் கிராமத்தவர்கள் படகில் வந்து போவதும் நமக்குப் புதியவை அல்ல. குடும்பிமலைக்கு அந்தப் பக்கமாகத்தான் போக வேண்டும். படகு ஓடுகிறது என்றால் பயணத்தை ஒத்திவையுங்கள். அந்தப் படகு வைத்தியசாலைக்கும் பாடசாலைக்கும் கடைக்கும் வர வேண்டிய மக்களுக்காக விடப்படுவது. பொழுதுபோக்குக்குப் போகிறவர்கள் அதில் இடம் பிடிப்பது முறையன்று. அத்தோடு, காலையில் படகில் போனவர் மாலையில் திரும்புவதற்குள் நீர் மேலும் ஏறிவிடலாம்.

மழை விட்டு வெயில் எறிக்கும் நாளிலும் வீதி மூழ்கும் என்பது புதிதாக வருகிறவர்களுக்குத் தெரிவதில்லை. மேற்கே பெய்த மழை குளங்களை நிரப்ப ஒரு நாள், இரண்டு நாள் ஆகும். நிரம்பியதும் வான்கதவைத் திறப்பார்கள், அல்லது குளம் தானாக வான் பாயும். அந்த நீர் தாழ்வான வீதிகளை வந்து சேரும்போது நம்முடைய தலைக்கு மேல் வானம் நீலமாக இருக்கும். ஆகவே மழை முன்னறிவித்தலோடு சேர்த்து, உன்னிச்சை, உறுகாமம், நவகிரி, சேனநாயக்க சமுத்திரம் முதலியவற்றின் வான்கதவுகள் பற்றிய நீர்ப்பாசனத் திணைக்கள அறிவித்தலையும் பாருங்கள். வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தல் தமிழிலும் வருகிறது. வீதி நிலைமைக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்தை அழைக்கலாம்.

அறிவித்தலைவிட நம்பகமான ஆட்களும் இருக்கிறார்கள். காட்டோரப் பட்டிகளிலிருந்து காலையில் பால் ஏற்றி வரும் மோட்டார் சைக்கிள்காரர் அந்த வீதியைச் சற்று முன்னர்தான் கடந்து வந்திருப்பார். அவருடைய பால் கானில் சேறு எந்த உயரம் வரை தெறித்திருக்கிறது என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். மீதியை அவரிடம் கேளுங்கள். வேன் ஓட்டுநர் "போகலாம் சேர், பயப்படாதீங்க" என்பதை இதற்கு ஈடாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பயணம் நின்றுபோனால் அவருக்கு அன்றைய கூலி இல்லை.

ஓடும் நீர் 15 சென்ரிமீற்றர் இருந்தாலே ஓர் ஆளின் காலை வாரிவிடலாம். 30 சென்ரிமீற்றரில் சிறிய கார் மிதக்கத் தொடங்கும். 60 இல் பெரும்பாலான வாகனங்கள் அள்ளுண்டு போகும். உழவு இயந்திரம் உயரமானது, அதில் போனால் பயமில்லை என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். 2024 நவம்பரில் காரைதீவு – மாவடிப்பள்ளி வீதியில் வெள்ளம் உழவு இயந்திரத்தை இழுத்துச் சென்றதில் மதரசா மாணவர்கள் உயிரிழந்ததை அம்பாறை மாவட்டத்தில் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். நீருக்கு அடியில் வீதி இருக்கிறதா, அரித்துக்கொண்டு போய்விட்டதா என்பது மேலிருந்து பார்த்தால் தெரியாது.

4. ஆவணங்களும் அனுமதியும்

எல்லோரிடமும் தேசிய அடையாள அட்டையின் மூலப்பிரதி இருக்க வேண்டும். போனில் எடுத்த படம் பல இடங்களில் செல்லாது. அதோடு, பெயர், அடையாள அட்டை இலக்கம், முகவரி, வாகன இலக்கம், போகும் இடம், திரும்பும் நேரம் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி மூன்று பிரதிகள் எடுத்துக்கொள்ளுங்கள். வழியில் பொலிஸாரோ படையினரோ விபரம் கேட்டால் ஒன்றைக் கொடுக்கலாம், ஒன்று வீட்டில் இருக்க வேண்டும், ஒன்று உங்களிடம்.

வெளிநாட்டு உறவினர்கள் கடவுச்சீட்டைக் கொண்டுவர வேண்டும். இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் இலங்கை அடையாள அட்டையையோ கடவுச்சீட்டையோ காட்டினால்தான், சீட்டு வாங்கும் இடங்களில் உள்நாட்டவர் கட்டணம் பொருந்தும். "பார்த்தாலே தமிழர் என்று தெரியுதே" என்று கவுன்டரில் நின்று வாதாடிப் பயனில்லை. இரண்டு கட்டணங்களுக்கும் இடையிலான வித்தியாசம் சிறியதன்று.

குடும்பிமலைப் பக்கம் காப்புக்காடு; அங்கே வனத் திணைக்களத்தின் கட்டுப்பாடு உண்டு. முதலில் கிரான் பிரதேச செயலகத்திலோ உரிய கிராம உத்தியோகத்தரிடமோ விசாரித்து, யாருடைய அனுமதி தேவை என்று கேட்டு, அவர் சொல்லும் அலுவலகத்துக்கு எழுத்து மூலம் விண்ணப்பியுங்கள். பொதுமக்கள் தினத்தில் போனால் உரிய உத்தியோகத்தர் கதிரையில் இருப்பார்; மற்ற நாட்களில் களப்பணிக்குப் போயிருக்கக்கூடும். கடிதத்தைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பாதீர்கள்; பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். வாய்ச்சொல்லால் தரப்பட்ட அனுமதி, சொன்னவர் விடுமுறையில் நிற்கும் நாளில் மதிப்பிழந்துவிடும். பயணத்துக்குக் குறைந்தது இரண்டு கிழமைக்கு முன் இந்த வேலையைத் தொடங்குங்கள். வெள்ளம் வந்துவிட்டால் அதே உத்தியோகத்தர்கள் நிவாரண வேலைக்குப் போய்விடுவார்கள். அந்த நேரத்தில் அவர்களை நெருக்குவது நியாயமன்று.

பாணமைப் பக்கத்தில் உகந்தை கோயிலுக்கும் குடும்பிகல மடத்துக்கும் போவதற்கு இவ்வளவு எழுத்து வேலை இல்லை. அங்கிருந்து குமண தேசிய பூங்காவுக்குள்ளும் போக நினைத்தால் வனஜீவராசிகள் திணைக்களத்தின் சீட்டு எடுக்க வேண்டும். ட்ரோன் கொண்டுவரும் உறவினரிடம், சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி இல்லாமல் அதைப் பறக்கவிட முடியாது என்று விமானம் ஏறுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

5. செலவு

செலவில் பெரும்பங்கு வாகனத்துக்குத்தான் போகும். பொத்துவிலிலிருந்து பாணமை வரை பஸ் உண்டு. அதற்கு அப்பால் வாகனம் பேசித்தான் போக வேண்டும். கிரவல் வீதி மழையில் சேறாகிவிடுவதால் தாழ்வான கார்களைத் தவிருங்கள். வாடகை பேசும்போது எரிபொருள், காத்திருப்பு நேரம், ஓட்டுநரின் சாப்பாடு ஆகிய மூன்றும் உட்பட்டதா என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

முற்பணம் கொடுப்பதில்தான் அதிக மனக்கசப்பு வருகிறது. வீதி மூடப்பட்டால் முற்பணம் திரும்ப வருமா, அல்லது இரண்டாவது திகதிக்கு மாற்றப்படுமா என்பதை வாட்ஸ்அப்பில் ஒரு வரியாக எழுதி, "சரி" என்ற பதிலை வாங்கிக்கொண்ட பிறகே பணத்தை அனுப்புங்கள்.

வழிகாட்டிக்குக் கூலியை நாளுக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே பேசுங்கள். குடும்பிமலைப் பக்கத்துக் காட்டுப்பாதையை நன்றாக அறிந்தவர்கள் மாட்டுப்பட்டிக்காரர்கள். மழை பெய்து பாதியில் திரும்பினாலும் முழுக் கூலியையும் கொடுங்கள். பாதிக் கூலி என்று பேசி வைத்தால், திரும்பச் சொல்ல வேண்டிய இடத்தில் அவர் தயங்குவார். மொத்தக் கணக்கைப் போட்ட பிறகு, அதில் மூன்றிலொரு பங்கைக் காசாகத் தனியே வைத்திருங்கள்; ஓர் இரவு அதிகமாகத் தங்க நேர்ந்தால் அது கைகொடுக்கும். வெள்ள நாட்களில் மின்சாரம் போய் வங்கி இயந்திரங்கள் இயங்காமல் நின்றுவிடும்.

6. நேரக் கணக்கு

நவம்பரில் நம்முடைய பகுதியில் சூரியன் காலை 6 மணிக்குச் சற்று முன்னர் உதித்து, மாலை 5.40 அளவில் மறைந்துவிடும். முகில் மூடிய நாளில் காட்டுக்குள் 5 மணிக்கே இருட்டு. விடியுமுன் காட்டு வீதியில் மோட்டார் சைக்கிளில் போவது யானையிடம் வலியப் போவது போன்றது. நன்றாக வெளித்த பிறகு உள் வீதிக்குள் இறங்கி, 7.30 அளவில் ஏறத் தொடங்குங்கள்.

எங்கே நின்றாலும் பகல் 11.30 க்குத் திரும்புவது என்று அடிவாரத்திலேயே எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும். உச்சி கண்ணுக்குத் தெரிகிறது, இன்னும் கொஞ்சத் தூரம்தான் என்ற பேச்சு அங்கே எழும். ஐப்பசி இடிமழை பெரும்பாலும் நண்பகலுக்குப் பிறகுதான் திரளும். மொட்டைப் பாறையின் உச்சியில் மின்னலுக்கு நாம்தான் உயரமான பொருள். மின்னலைக் கண்டபின் இடி கேட்க 30 வினாடிக்குக் குறைவாக எடுத்தால், அது பத்துக் கிலோமீற்றருக்குள் இருக்கிறது, உடனே இறங்குங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழியும்வரை மறுபடி ஏற வேண்டாம். தனி மரத்தின் கீழ் ஒதுங்குவதும், ஒருவரோடு ஒருவர் ஒட்டிக்கொண்டு நிற்பதும் ஆபத்து.

7. ஈரப்பாறையில் கால் வைக்கும் முறை

நம்முடைய பக்கத்து மலைகள் பெரும்பாலும் மண் போர்த்தாத வழுவழுப்பான பாறைகள். அவற்றில் மேலிருந்து கீழாகக் கறுப்புக் கோடுகள் ஓடுவதைக் காண்பீர்கள். மழைநீர் வழிந்து பாசி பிடித்த தடங்கள் அவை. வெயிலில் காய்ந்திருக்கும்போது சொரசொரப்பாக இருக்கும். நாலு துளி விழுந்ததும் சவர்க்காரம் பூசியது போலாகிவிடும். இரண்டு கறுப்புக் கோடுகளுக்கு நடுவே வெளிறிய நிறத்தில் தெரியும் பாறையில் கால் வையுங்கள். கோட்டைக் கடந்தே ஆக வேண்டுமென்றால், சரிவு குறைந்த இடத்தைத் தேடி, உட்கார்ந்து, கைகளையும் ஊன்றிக் கடவுங்கள். பாறையில் படிந்த ஈர இலைச் சருகின் மேல் மிதிக்க வேண்டாம். காலால் ஒதுக்கிவிட்டுப் பாறையைப் பார்த்து மிதியுங்கள்.

ஏறுவதைவிட இறங்குவதில்தான் விழுகிறார்கள். ஏறும்போதே ஒவ்வொரு வழுக்கலான இடத்திலும் திரும்பிப் பார்த்து, இதே இடத்தில் மழைக்குள் இறங்க முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முடியாது என்று தோன்றினால் அதுவே அன்றைய உச்சி. ரப்பர் அடி தேயாத சப்பாத்து அவசியம். பாட்டா செருப்போடு ஏறுகிறவரை அடிவாரத்திலேயே நிறுத்துங்கள்.

8. யானை, வேலி, கட்டுத்துவக்கு

பெரும்போக விதைப்பு முடிந்திருக்கும் காலம் என்பதால் வயலுக்கும் காட்டுக்கும் நடுவே யானைக் காவல் மும்முரமாக இருக்கும். வீதியில் ஈரம் காயாத இலத்தியைக் கண்டால் வாகனத்தை விட்டு இறங்காதீர்கள். யானை மின்வேலியைத் தொடவோ தாண்டவோ கூடாது. அதைவிடப் பயங்கரமானவை, பன்றிக்காகச் சட்டவிரோதமாக இழுத்துவிடும் மின்கம்பிகளும், கம்பியில் கால் தட்டினால் தானாக வெடிக்கும்படி காட்டுப்பாதையோரம் கட்டி வைக்கும் கட்டுத்துவக்குகளும். இயற்கைக் கடனுக்காகக்கூட வழிகாட்டியிடம் சொல்லாமல் பாதையை விட்டு ஒதுங்க வேண்டாம். பாம்பு கடித்தால் கட்டுப்போடுவதையும் கீறுவதையும் விட்டு, கடிபட்டவரை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டுவந்து, 1990 நோயாளர் காவு வண்டியை அழையுங்கள்.

9. பையில் இருக்க வேண்டியவை

பைக்குள்ளே தடித்த பொலித்தீன் பை ஒன்றை விரித்து, அதற்குள் பொருட்களை வையுங்கள். மழைக்கவசம் என்று விற்கும் வெளி உறை பலத்த மழையில் தாங்காது. குடை வேண்டாம், மழைக்கோட்டு வேண்டும். ஜீன்ஸ் நனைந்தால் கால் தூக்க முடியாது. மாற்றுத் துணி, ரோச், விசில், ஜீவனிப் பொதி (நீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு, சர்க்கரைக் கலவை), ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர், கச்சான், பேரீச்சம்பழம் ஆகியவை போதும். மழையாயிற்றே என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள். உள்ளே போனதும் போன் சமிக்ஞை அறுந்துவிடும் என்பதால், கிரானிலோ பாணமையிலோ கடைசி அழைப்பை எடுத்து, "இத்தனை மணிக்குள் நான் அழைக்காவிட்டால் 119 க்குச் சொல்லுங்கள்" என்று வீட்டாரிடம் நேரத்தைச் சொல்லிவிட்டுப் போங்கள்.

10. திரும்பி வந்த பிறகு

வயல் நீரிலோ வெள்ளத்திலோ கால் நனைந்திருந்தால் எலிக்காய்ச்சல் தொற்றும் வாய்ப்பு உண்டு. காலில் வெட்டோ சிராய்ப்போ இருப்பவர்கள், போவதற்கு முன்பே உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கண்டு, தடுப்பு மாத்திரை தேவையா என்று கேளுங்கள். விவசாயிகளுக்கு அவர்கள் வழங்கிவரும் மாத்திரைதான் அது. நோய் வெளிப்பட ஒன்று முதல் இரண்டு கிழமை வரை, சிலவேளை அதற்கு மேலும் எடுக்கும் என்பதால், அதற்குள் பயணத்தை எல்லோரும் மறந்துவிடுவார்கள். காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் கண் சிவப்பும் கண்டால், வெள்ள நீரில் நடந்ததை வைத்தியரிடம் கேட்காமலே சொல்லுங்கள். இதே மாதங்களில் டெங்குவும் பரவுவதால், இரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை பரசிற்றமோல் தவிர்ந்த வேறு நோவு மாத்திரை எதையும் எடுக்க வேண்டாம். வெளிநாட்டு உறவினர் அதற்குள் திரும்பிப் போயிருந்தால், அங்குள்ள வைத்தியருக்கு இந்த நோய் உடனே நினைவுக்கு வராது. எந்த நாளில், எந்த ஊரில், எந்த நீரில் நடந்தார் என்று ஒரு வரி எழுதி அவருடைய போனுக்கு அனுப்பி வையுங்கள்.